பல்லாவரத்துக் கேப்டன்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் மாமனார் கேட்ட ஒரே கேள்வி, "நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பேம்மா?" என்பதுதான்.

சமைக்கத் தெரியுமா, பாட்டுப் பாடுவாளா, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாளா என்றெல்லாம் கேட்பார்கள் என்று அம்மா என்னைத் தயார்செய்து வைத்திருந்தாள். பாடுவதற்கு ஒரு கீர்த்தனைகூட மனப்பாடம் செய்திருந்தேன். டைப்ரைட்டிங்கைப் பற்றிக் கேட்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "இங்கிலீஷ் ஹையர் பாஸ் பண்ணியிருக்கேன். நாப்பத்தஞ்சு" என்றேன். அவர் என் மாமியாரைத் திரும்பிப் பார்த்து, "போதும்" என்றார். மாப்பிள்ளை அதுவரை வாயைத் திறக்கவில்லை. திறக்கவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

இது எண்பதுகளின் நடுவில். அவர்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே கேட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தது. மாமனார் ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மாமியார் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ரிட்டயர் ஆக இன்னும் சில வருடங்கள் இருந்தன. என் கணவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருக்குப் பத்து வயது மூத்த அக்காவைக் குரோம்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மரியாதையான, சத்தமில்லாத, சர்ச்சுக்கு நேரத்தோடு போகிற குடும்பம் என்று எங்கள் வீட்டில் விசாரித்துச் சொன்னார்கள். கேப்டனைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள் காலை, காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்கியபடியே மாமனார், "ரெடியாம்மா?" என்றார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கூடத்தின் மூலையில் ஒரு மேஜை, அதன்மேல் பழைய வேட்டி போர்த்திய ஏதோ ஒன்று. தையல் மிஷின் என்று நினைத்திருந்தேன். வேட்டியை விலக்கினார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய டைப்ரைட்டர். பக்கத்தில் நாடா கட்டிய மூன்று பைல்கள். முதல் பைலின் மேல் கொட்டை எழுத்தில், இங்கிலீஷில், 'எங்கள் குடும்பத்தின் வரலாறு, ஆதி முதல்' என்று எழுதியிருந்தது.

ஆதி என்றால் ஆதாம் இல்லை. கேப்டன்.

கம்பெனிக்காரர்கள் காலத்தில் சீமையிலிருந்து கப்பலேறி வந்து, பட்டாளத்தில் இருந்து, பிறகு பல்லாவரத்திலேயே குடியேறிவிட்ட ஒரு வெள்ளைக்காரர். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருடைய பெயருக்குப் பின்னாலும் ஒரு இங்கிலீஷ் குடும்பப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அது அவருடையது. (அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. என் நாத்தனாருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.) ஞானஸ்நான சர்டிபிகேட்டில் ஒரு மாதிரியும், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வேறு மாதிரியும் இருந்த அந்தப் பெயர், ரேஷன் கார்டில் ஏதோ ஒரு காய்கறியைப் போல எழுதப்பட்டிருந்தது. அது முதல் ஆதாரம்.

இரண்டாவது ஆதாரம் கண்கள். என் கணவருக்கும் நாத்தனாருக்கும் பூனைக்கண். வெயிலில் நின்றால் தேன் நிறத்தில் மின்னும். மாமனாருடைய கண் எல்லோரையும் போலக் கறுப்புதான். ஆனால் ரத்தம் ஒரு தலைமுறை பதுங்கி அடுத்த தலைமுறையில் வெளிவரும் என்று அவர் எங்கோ படித்திருந்தார்.

தினமும் காலை பத்து மணிக்கு அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்கவேண்டும். கூடத்தில் நடந்துகொண்டே சொல்லுவார். தலைக்கு மேலே விமானப்படை விமானம் போனால் மட்டும் நிறுத்துவார். கேப்டன் மெட்ராஸில் இறங்கியபோது துறைமுகம் கிடையாது. கப்பலிலிருந்து படகில் ஏற்றி அலைகளின் நடுவே கொண்டுவந்தார்கள். இடுப்புவரை நனைந்து, கையில் கத்தியை உயர்த்திப் பிடித்தபடி கரையேறினார். பிறகு போர்கள். பிறகு பல்லாவரம் மலையடிவாரத்தில் பங்களா, மாந்தோப்பு, இரண்டு குதிரைகள்.

ஒவ்வொரு முறை திருப்பி அடிக்கும்போதும் அந்த எஸ்டேட் கொஞ்சம் வளர்ந்தது. முதல் பிரதியில் பங்களாவுக்கு நாலு அறை. இரண்டாவது பிரதியில் அறைகள் ஆறாகி, முன்பக்கம் தூண்கள் வந்தன. மூன்றாவது பிரதியில் கேப்டன் மணந்துகொண்ட உள்ளூர்ப் பெண் ஒரு பாளையக்காரரின் மகள் ஆகியிருந்தாள்.

"போன மாசம் ஆறு ரூம்தானே?" என்று பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வரும்.

"ரெண்டு ரூம் அவுட்ஹவுஸ். அதையும் சேர்த்து எட்டு."

"யார் பெருக்குனாங்களாம்?"

மாமனார் என்னைப் பார்த்து, "நீ அடிம்மா" என்பார்.

கேப்டனின் வாரிசு என்பதை அவர் வாழ்க்கையிலும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே போகும்போது அந்தக் காலத்துத் துரைமார் போட்ட மாதிரி சோலார் தொப்பி. கேட்டால், "நம்ம ரத்தம் குளிர் தேசத்து ரத்தம்மா, இந்த வெயில் ஒத்துக்காது" என்பார். அவர் நிறமும் என் நிறமும் ஒன்றுதான். எனக்கு வெயில் நன்றாகவே ஒத்துக்கொண்டது. இட்லியை ஸ்பூனால் வெட்டிச் சாப்பிடுவார். காலை ஆகாரத்துக்குக் கஞ்சி வைத்தால் அதன் பெயர் பாரிட்ஜ். அதே கஞ்சியைக் காய்ச்சல் வந்தவருக்குக் கொடுக்கும்போது மட்டும் கஞ்சி.

இதையெல்லாம் எழுதும்போது அவரைக் கேலி செய்வதாகத் தோன்றலாம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வந்த மருமகளை நாற்காலியில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டு பேசிய மாமனார் எங்கள் சொந்தத்தில் வேறு யாருமில்லை. நான் அடித்துக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் அடித்தால் அவர்தான் போய் அணைப்பார்.

கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும். கேப்டனின் கல்லறையைக் கண்டுபிடித்தாகவேண்டும் என்று முடிவுசெய்தார். பல்லாவரம் சர்ச்சில் ஐரோப்பியர்களுக்கென்று தனியாக இருந்த பழைய அடக்கப் பதிவேட்டை அவர் முன்பே பார்த்திருந்தார். பூச்சி அரித்த பக்கங்களில் கேப்டன் இல்லை. "பூச்சி தின்னிருக்கும்" என்றார். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் என் கையில். எலெக்ட்ரிக் டிரெயினில் இரண்டு பேரும் பல்லாவரத்தில் இறங்கி நடந்தோம்.

பழைய கல்லறைத் தோட்டத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு ஆங்கிலேய மேஜரின் கல்லறையின் மேல் யாரோ பாவாடை காயப்போட்டிருந்தார்கள். கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவல்காரர் தொப்பியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இன்னா சார், யாரு வோணும்?"

மாமனார் கேப்டனின் முழுப் பெயரையும் பதவியோடு சொன்னார்.

"பேர்லாம் நமக்குத் தெரியாது சார். வெள்ளைக்காரன் கல்லுதானே? அந்தாண்ட ஃபுல்லா அதான் கீது. எது வோணுமோ பாத்துக்கோ."

"எது வேணுமோவா? எங்க தாத்தாவுக்குத் தாத்தாப்பா!"

"அத்த மின்னாடியே வந்து சொல்லணும் சார். நல்ல கல்லா கீதேன்னு துணி தொவைக்க எத்தினி பேரு எத்துகினு பூட்டான் தெர்மா?"

மூன்று மணி நேரம் தேடினோம். கடைசியில் மதில் ஓரத்தில், ஒரு பெரிய வேப்பமரத்தின் காலடியில், இடுப்பளவு மண்ணுக்குள் புதைந்த ஒரு கல்லை நான்தான் பார்த்தேன். மேலே எங்கள் குடும்பப்பெயர், ஒரு எழுத்து பிசகாமல். அதற்குக் கீழே ஒரு வரி. வரியின் முக்கால்வாசியை வேப்பமரத்து வேர் மூடியிருந்தது. முடிவில் மூன்று இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும் தெரிந்தன. ஏ, என், டி. மீதியெல்லாம் மண்ணுக்கு அடியில்.

மாமனார் தொப்பியைக் கழற்றினார்.

"லெப்டினன்ட்" என்றார் மெதுவாக. "பாத்தியாம்மா? ஏ, என், டி. லெப்டினன்ட்."

"ஆனா மாமா, அவர் கேப்டன் இல்லையா?"

"மொதல்ல லெப்டினன்ட். அப்புறம்தான் கேப்டன்."

"கல்லு செத்தப்புறம்தானே வைப்பாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்தக் காலத்துல தபாலெல்லாம் லேட்டா வரும்மா. பிரமோஷன் ஆர்டர் கப்பல்ல வந்துட்டிருந்திருக்கும்."

நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்து, குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்காக வெளிநாட்டில் நடத்தப்பட்ட ஒரு பத்திரிகைக்கு அவர் எழுதிப்போட்டார். 'இந்தப் பெயருடைய கேப்டனின் சந்ததியார் யாரேனும் இருந்தால் தொடர்புகொள்ளவும்' என்று நாலு வரி. ஏழெட்டு மாதம் ஒன்றுமில்லை. ஒருநாள் தபால்காரர், "சார், உங்களுக்கு ஆஸ்திரேலியா" என்று நீலக் கடிதம் ஒன்றை நீட்டினார்.

எழுதியவர் அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாள், ரிட்டயரான பள்ளிக்கூட டீச்சர். பல்லாவரத்தில் குடியேறிய அதே வெள்ளைக்காரரின் மகள் வழி வந்தவர். அந்த மகள் கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் போனாளாம். தானும் அவரைப் பற்றித்தான் பல வருடங்களாகத் தேடிவருவதாகவும், ஜனவரியில் நேரில் வருவதாகவும் எழுதியிருந்தார்.

மாமனார் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் முழுக்க நடந்தார். மீன்காரம்மா வரைக்கும் விஷயம் தெரிந்துபோனது. "சொந்தம்லாம் சீமையில கீது, நம்ம கிட்ட வந்து நெத்திலி பேரம் பேசுறாரு" என்று அவள் சொன்னதை மாமியார் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோபா வந்தது. குரோம்பேட்டையிலிருந்து நாத்தனார் தன் மகளோடு ஒரு நாள் முன்பே வந்துவிட்டார். அவருடைய புகுந்த வீட்டில் கேப்டனுக்கு நல்ல மதிப்பு இருந்தது. அங்கே ஏதாவது மனத்தாங்கல் வந்தால், "நாங்க கேப்டன் ஃபேமிலி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாராம். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகளை வெயில் படும்படி ஜன்னலோரம் உட்காரவைத்து, "அவங்க வந்ததும் நிமிர்ந்து பாரு. கண்ணு தெரியணும்" என்று சொல்லிக்கொடுத்தார்.

அந்த அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். கோட்டு, தொப்பி, கையுறை என்று ஏதோ நான் கற்பனை செய்திருந்தேன். கதர் ஜிப்பா, ரப்பர் செருப்பு, தோளில் ஜோல்னாப் பை. மாமனார் கோட்டும் டையும் அணிந்து வாசலில் நின்று, ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வரவேற்புரையைத் தொடங்கினார். அதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சோபாவைத் தாண்டிப் போய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு மாமனார் கத்தியும் முள்கரண்டியும் எடுத்தார். அந்த அம்மாள் கையால் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை ரசம் கேட்டு, அதை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். வந்து பத்து நாளாகிறது, கற்றுக்கொண்டேன் என்றார். மாமியார் அந்த நொடியிலேயே அவர் கட்சிக்குப் போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மாமனார் பைல்களைக் கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மாளும் ஜோல்னாப் பையிலிருந்து ஒரு பைலை எடுத்தார். லண்டனில் இருந்த பட்டாளத்துக் கணக்குகளின் நகல்கள் அதில் இருந்தன.

"இதில் ஒரு சின்னத் திருத்தம்" என்றார் தயங்கியபடி. "அவர் கேப்டன் இல்லை."

"லெப்டினன்ட்" என்றார் மாமனார், விட்டுக்கொடுக்கும் குரலில்.

"அதுவும் இல்லை. சாதாரண சிப்பாய். முழங்காலில் ஏதோ கோளாறு என்று பட்டாளத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். பிறகு இங்கே ரொட்டிக்கடை வைத்திருந்தார். கன்டோன்மென்ட்டுக்கே அவர்தான் ரொட்டி சுட்டுக் கொடுத்திருக்கிறார்."

"பேக்கரியா?" என்றார் நாத்தனார்.

"எங்கள் வீட்டில் மட்டும் என்ன?" என்று அந்த அம்மாள் சிரித்தார். "அவர் மனைவி ஸ்பெயின் தேசத்துச் சீமாட்டி என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். என் அம்மாவின் கூந்தல் அவ்வளவு கறுப்பு, அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பிறகு நான் தேடிப் பார்த்தேன். மகளின் ஞானஸ்நானப் பதிவில் தாயார் என்ற இடத்தில், 'ஒரு உள்ளூர்ப் பெண்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பெயர்கூட எழுதவில்லை. அந்தப் பெயருக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

மாமியார் என்னிடம், "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், உச்சரிப்புதான் பிடிபடவில்லை. நான் சொன்னேன். அவர் எழுந்துபோய் அந்த அம்மாளுக்கு இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்தார்.

மாமனார் தளரவில்லை. ரொட்டிக்கடை என்றால் அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா, ஒரு பட்டாளத்துக்கே உணவு வழங்குவது கேப்டன் பதவிக்குச் சமம் என்று அன்று மாலையே வாதத்தை உருவாக்கிவிட்டார். மறுநாள் எல்லோரும் கல்லறைக்குப் போவது என்று ஏற்பாடு. கல்லைத் தோண்டி எடுத்து, கழுவி, மாலை போட்டு, பாஸ்டரை வைத்து ஒரு சின்ன ஜெபம்.

மறுநாள் ஒன்பது மணிக்கு இரண்டு ஆட்டோக்களில் பல்லாவரம் போனோம். சம்பங்கி மாலை மாமனார் மடியில். காவல்காரர் கடப்பாரையோடு காத்திருந்தார். பாஸ்டர் சைக்கிளில் வந்தார். சைக்கிளை மேஜரின் கல்லறையில் சாய்த்து நிறுத்தினார்.

வேரை வெட்ட அரைமணி நேரம் ஆனது. மண்ணைத் தள்ள இன்னொரு அரைமணி. காவல்காரர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மாமனார் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் அந்த அம்மாள்தான் சத்தமாகப் படித்தார்.

ஏ, என், டி என்று முடிந்த அந்த வரி லெப்டினன்ட் இல்லை. 'விசுவாசமுள்ள சர்வன்ட்' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'முப்பது ஆண்டுகள் என் சமையற்காரன். ஞானஸ்நானத்தில் என் பெயரை ஏற்றவன். இந்தக் கல்லை நிறுத்தியவன் அவன் எஜமான்.'

மேலே இருந்த குடும்பப்பெயர், சமையற்காரருடையது. அதாவது எங்களுடையது.

பாஸ்டர் வேதாகமத்தில் அடையாளம் வைத்திருந்த பக்கத்தை மூடினார். நாத்தனார் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார்.

"இன்னா சார், பேரு ராங்கா கீதா?" என்றார் காவல்காரர். "வேற கல்லு வோணா பாக்கலாமா?"

முதலில் சிரித்தது மாமியார்தான். வாயில் புடவைத் தலைப்பை வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "முப்பது வருஷம் சமையல்! இந்த மனுஷன் ஒரு நாள் வெங்காயம் உரிச்சதில்லை!" என்றார்.

"சிரிக்காதே" என்றார் மாமனார். "பசங்களுக்குப் பூனைக்கண்ணு எங்கேருந்து வந்துச்சு? அதுக்குப் பதில் சொல்லு."

"எங்கம்மாவுக்குப் பூனைக்கண்ணு. நீங்கதான் கல்யாணத்தன்னிக்கே பாத்தீங்களே?"

"ஏன் இத்தனை வருஷம் சொல்லலை?"

"கேட்டீங்களா? நீங்களா ஒண்ணு சொல்லிட்டு சந்தோஷமா இருந்தீங்க."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. மாலை கையிலேயே இருந்தது. எனக்குச் சட்டென்று சிரிப்பு போய்விட்டது. இந்த மனிதர் இதற்காக எத்தனை வருடம் உழைத்திருக்கிறார் என்பது எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வரியையும் நான் அடித்திருக்கிறேன். அவர் ஷூவைக் கழற்றினார். கேப்டனுக்கு வந்தபோது தொப்பியை மட்டும்தான் கழற்றியிருந்தார். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்துபோய் மாலையைக் கல்லுக்குப் போட்டார். அந்த அம்மாள் அவர் பக்கத்தில் போய் நின்று, "என் பாட்டிக்குப் பாட்டிக்கு இவர் சமைத்துத்தானே போட்டிருப்பார்" என்றார். மாமனார் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்று நாள் அவர் பேசவில்லை. கூடத்தில் காலை பத்து மணிக்கு நடக்கவில்லை. இட்லியைக் கையால் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்த அம்மாள் கோவளத்தில் அறை எடுத்திருந்தார், வார முடிவில் விடைபெற வருவதாகச் சொல்லியிருந்தார்.

நாலாம் நாள் நான் மட்டும் பல்லாவரம் சர்ச்சுக்குப் போனேன். மாமனார் இத்தனை வருடமும் தேடியது ஐரோப்பியர்களின் பதிவேட்டில். உள்ளூர்க்காரர்களுக்கு வேறு பதிவேடு இருந்திருக்கவேண்டுமே, அதில் அவர் ஏன் பார்க்கவில்லை என்று யோசித்தேன். காரணம் எனக்குத் தெரிந்ததுதான். அங்கே தேடினால் கேப்டன் கிடைக்கமாட்டார்.

பாஸ்டர் அலமாரியைத் திறந்துவிட்டு, "தாள் கையோட வந்துடும்மா, மெதுவா திருப்பு" என்றார். கல்லில் இருந்த வருடத்திலிருந்து பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். மத்தியானம் ஆயிற்று. பாஸ்டர் வீட்டிலிருந்து எனக்குத் தயிர்சாதம் வந்தது. அதைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து திருப்பிய இரண்டாவது பக்கத்தில் எங்கள் பெயர் இருந்தது.

ஒரே நாளில் இரண்டு பெரியவர்களுக்கு ஞானஸ்நானம். ஒருவர் ரொட்டிக்கடைத் துரையின் சமையற்காரர். அடுத்த வரியில் ஒரு பெண். பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் தெளிவாக. எதிரே, 'மேற்கண்டவனின் தங்கை'. ஓரத்தில் வேறு மையில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'பின்னர் மேற்படி துரையை மணந்தாள்.'

பதிவேட்டை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கல்லில் சர்வன்ட் என்று வெட்டிய அந்தத் துரைக்கு, அங்கே படுத்திருந்தவர் மச்சான். முப்பது வருடம் ஒரே வீட்டில் மச்சான் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறார். கல்லில் போட அவருக்கு வேறு வார்த்தை வரவில்லையா, வந்தும் வெட்கமா, தெரியவில்லை.

வீட்டுக்கு ஓடினேன் என்றே சொல்லவேண்டும். மாமனார் ஈஸி சேரில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், படிக்கவில்லை. எழுதிக்கொண்டு வந்ததைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். மூன்றாம் முறை படிக்கும்போது எழுந்து நடக்க ஆரம்பித்தார்.

"அப்போ அவர் எஜமான் இல்லம்மா. மாப்பிள்ளை! நம்ம வீட்டு மாப்பிள்ளை! நாம பொண்ணு கொடுத்தவங்க!" குரல் உயர்ந்துகொண்டே போனது. "ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், முழங்கால் வேற சரியில்லை, சொந்த பந்தம்னு யாருமில்லை. போனாப் போகுதுன்னு நம்மாளுங்க பொண்ணைக் கொடுத்திருக்காங்க!"

மாமியார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளையைப் பத்தி மூணு பைலு எழுதியிருக்கீங்க" என்றார். "அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வரி இல்லை."

மாமனார் நடப்பதை நிறுத்தினார். "புது ரிப்பன் இருக்காம்மா?" என்று என்னைக் கேட்டார்.

சனிக்கிழமை அந்த அம்மாள் வந்தபோது, அந்தப் பெண்ணின் இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் அடித்து நான் தயாராக வைத்திருந்தேன். அவர் வாங்கிப் படித்தார். உச்சரிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்றார். மாமியார்தான் சொல்லிக்கொடுத்தார், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குச் சொல்லித்தருவது போல, ழகரத்துக்கு நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று வாயைத் திறந்து காட்டி. பழைய பெயர் சரியாக வர பத்துப் பன்னிரண்டு முறை ஆனது. சரியாக வந்ததும் அந்த அம்மாள் அழுதார். மாமியாரும் அழுதார். என் கணவர் பால் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

குடும்ப வரலாற்றை முழுக்கத் திருப்பி அடித்தேன். இந்த முறை ஆதியில் ஒரு அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். பங்களாவுக்குத் திரும்பவும் நாலு அறை. நான் பிடிவாதமாக இருந்ததால் அது ஐந்தாகவில்லை. ஆனாலும் இரண்டாவது பிரதியில் சமையற்காரர் தலைமைச் சமையற்காரர் ஆனதை என்னால் தடுக்க முடியவில்லை.

நாத்தனார் ஆறு மாதம் தாம்பரம் பக்கமே வரவில்லை. குரோம்பேட்டையில் கேப்டனைப் பற்றிய பேச்சை மெல்லக் குறைத்து, கடைசியில் நிறுத்திவிட்டார் என்று கேள்வி.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். நான் போட்ட கடிதத்தைப் பார்த்து ஆஸ்திரேலியா அம்மாள் கைத்தடியோடு வந்து இறங்கினார். மாமியார் அவருக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டு, பன்னிரண்டு ஊக்கு குத்தி, "இப்ப ஓடினாலும் அவுறாது" என்றார். சர்ச்சில் முன்வரிசையில், பெண் வீட்டார் பக்கம் உட்காரவைத்தோம்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து மாமனாரிடம் மரியாதையாகக் கேட்டார். "சார், அந்த வெள்ளைக்காரம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

மாமனார் இதற்காகவே காத்திருந்தவர். விரல் விட்டுத் தலைமுறைகளை எண்ணினார். சமையற்காரர் பக்கம் இத்தனை, தங்கை பக்கம் இத்தனை. இரண்டும் சரியாக ஒன்றுக்கொன்று நேராக வந்து நின்றன.

"அத்தை வழி" என்றார் பெருமையாக. "எனக்கு அத்தை பொண்ணு முறை."

பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் கையிலிருந்த பிரியாணியை இலையில் வைத்தார். "அத்தை பொண்ணா? அப்போ கட்டிக்கிற முறையாச்சே!" என்றார்.

பெரியப்பா சிரித்தார். மாமனார் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். அந்த அம்மாள் என் முழங்கையைத் தொட்டு, எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். எங்கள் வழக்கப்படி இவரைக் கல்யாணம் செய்துகொள்ளும் முதல் உரிமை உங்களுக்குத்தான் இருந்ததாம், என் மாமியார் சொல்கிறார் என்றேன்.

அவர் மாமனாரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு மாமியாரிடம் திரும்பி, "பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பிரியாணி கேட்டார்.